குப்புறப் படுத்துப் படித்த நாவல்கள்

முதலில் வந்தது மின்னல். மைசூர் ஹெப்பாளில் எங்கள் தொழிற்சாலைப் பேருந்தில் உட்கார்ந்திருந்தேன். இடது கண்ணின் ஓரத்தில் யாரோ போட்டோ எடுப்பதுபோல் பளிச்சென்று வெட்டியது. திரும்பிப் பார்த்தால் யாருமில்லை. மறுநாள் கண்ணுக்குள் கரித்தூள் பறந்தது. மூன்றாம் நாள் மூக்குப் பக்கத்திலிருந்து ஒரு கறுப்புத் திரை மெல்ல ஏறியது.

நான் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை பார்ப்பவள். அது சரக்கு சரிபார்க்கும் வாரம். தூக்கம் போதவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு நாலு நாள் ஓட்டினேன். இதே நோயோடு இதைப் படிக்கிறவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது அதுதான். நாலு நாள் ஓட்டாதீர்கள்.

மைசூரில் ஒரு கண் மருத்துவமனையில் பார்த்தார்கள். ரெடினல் டிடாச்மென்ட் (கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் விழித்திரை கழன்றுவிடுவது) என்றார் டாக்டர். சிறு வயதிலிருந்து மைனஸ் எட்டு கண்ணாடி போடுகிறவள் நான். அப்படிப்பட்ட கண்களுக்கு இந்த ஆபத்து அதிகமாம். ஐம்பத்து நாலு வயதில் தெரிந்துகொண்டேன்.

மறுநாளே விட்ரெக்டமி (கண்ணுக்குள் இருக்கும் கூழை எடுத்துவிட்டு விழித்திரையை ஒட்டும் அறுவை) செய்தார்கள். கூழ் இருந்த இடத்தில் ஒரு வாயுக் குமிழியை நிரப்பினார்கள். குமிழி எப்போதும் மேலே ஏறும். அது பின்சுவரை அழுத்திப் பிடிக்க வேண்டுமென்றால் முகம் தரையைப் பார்த்திருக்க வேண்டும். இரண்டு வாரம். ஒரு மணி நேரத்தில் ஐம்பது நிமிடம் குப்புற, பத்து நிமிடம் மற்ற காரியங்களுக்கு.

"இன்னொண்ணு" என்றார் டாக்டர். அவர் கன்னடத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன். "குமிழி கரையறவரைக்கும் விமானம் ஏறக் கூடாது. மேலே போகப் போக வாயு விரியும். கண்ணுக்கு ரத்தம் போறது நின்னுடும். ஏழெட்டு வாரம் ஆகும்."

எனக்கு இருபது நாளில் விமானம் இருந்தது.

என் ஒரே மகள் சௌமியா கனடாவில் இருக்கிறாள். விமானம் இறங்கிய பிறகும் ஐந்து மணி நேரம் காரில் போக வேண்டிய சின்ன ஊர். முதல் பிரசவம். அவள் அப்பா போய்ப் பத்து வருடமாகிறது. மாப்பிள்ளைக்கும் தாய் இல்லை. நான் போகாவிட்டால் போக ஆளில்லை.

"ஒரு கண்ணுதானே டாக்டர். போனா போகட்டும்" என்றேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அவர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். "நடு வானத்துல கண்ணு வெடிக்கிற மாதிரி வலி வந்தா அங்கே யார் உங்களைப் பார்க்கறது? நீங்க பிரசவம் பார்க்கப் போறீங்களா, உங்களைப் பார்க்க வைக்கப் போறீங்களா?" என்றார். எனக்குக் கோபம் வந்தது.

சௌமியாவிடம் அறுவையைப் பற்றிச் சொல்லவில்லை. மாசமாக இருக்கிற பெண்ணிடம் எப்படிச் சொல்வது? லீவு கிடைக்கவில்லை என்று சொன்னேன். "பரவால்லம்மா. வேணும்னா அப்புறம் வா" என்றாள். அவள் எப்போதும் அப்படித்தான். குளிர் எப்படி என்றால் பரவாயில்லை, வேலை எப்படி என்றால் பரவாயில்லை. ஆறு வருடமாக எல்லாம் பரவாயில்லை. எதையும் கேட்காத பெண்ணை வளர்த்துவிட்டோம் என்று ஒரு காலத்தில் பெருமையாக இருந்தது.

முதல் வாரம் ஹனூரிலிருந்து என் தங்கை சரசு வந்திருந்தாள். அவளை நான் பார்க்கவே இல்லை, பாதங்களை மட்டும் பார்த்தேன். வலது குதிகாலில் பித்தவெடிப்பு. உறிஞ்சுகுழல் போட்டுக் கஞ்சி கொடுத்தாள். அவள் வீட்டில் அறுத்த மஞ்சளை வேகவைக்கும் நேரம், ஆள் போதாது. "ஏனக்கா, நான் போகட்டுமா? மாதேசுவரசாமி உன்னைப் பாத்துக்குவானக்கா" என்று நாலு தடவை கேட்டுவிட்டு ஏழாம் நாள் கிளம்பினாள். அதன் பிறகு மதியம் பக்கத்து வீட்டு கிரிஜம்மா சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். மற்ற நேரத்தில் வீட்டில் என் மூச்சுச் சத்தம் மட்டும்தான்.

குப்புறப் படுக்கிறவர்களுக்குச் சில குறிப்புகள். கட்டில் விளிம்புக்கு வெளியே தலை வரட்டும், நெற்றிக்குத் துண்டைச் சுருட்டி வையுங்கள். கழுத்து வலிக்கும், முகம் வீங்கும், இரண்டாம் நாள் அழுகை வரும். அழுதால் கண்ணுக்கு ஒன்றும் ஆகாது, நான் டாக்டரிடம் கேட்டுவிட்டேன். நேரம்தான் நகராது. தரை ஓட்டில் உள்ள புள்ளிகளை எண்ணி முடித்தேன்.

சரசு போன அன்று டாக்டர், வலது கண்ணால் படிக்கலாம் என்றார். கைக்கு எட்டிய அலமாரித் தட்டில் ஒரே ஒரு புத்தகம் இருந்தது. கனடா போன முதல் வருடம் சௌமியா ஊருக்கு வந்த யாரிடமோ கொடுத்தனுப்பிய ஆங்கில நாவல். எழுதியவர் அந்தப் பக்கத்து வயதான அம்மாள். பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் நீங்கள் அவருக்கு என்ன பரிசு கிடைத்தது என்று தேடிப் பார்த்துவிட்டுப் படிக்காமல் விட்டுவிடுவீர்கள். நானும் ஆறு வருடம் படிக்காமல்தான் வைத்திருந்தேன். பள்ளியில் எனக்குக் கன்னடம், வீட்டில் தமிழ். ஆங்கிலம் ஸ்டோர்ஸ் ரசீதுகளில் கற்றது. நாவல் படிக்கிற ஆங்கிலம் அது இல்லை.

முக்காலியை இழுத்துப் புத்தகத்தை முகத்துக்குக் கீழே வைத்தேன். மைனஸ் எட்டுக்கு ஒரு லாபம் உண்டு, கண்ணாடியில்லாமல் அரைச் சாண் தூரத்தில் எழுத்து முத்து முத்தாகத் தெரியும்.

ஒரு சின்ன ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டும் பெண்ணின் கதை. சும்மா சொல்லக் கூடாது, முதல் நாற்பது பக்கத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. அவள் எழுகிறாள், வெளியே இருட்டு, வண்டியின் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்குகிறாள், ஓட்டுகிறாள். அங்கே இரவெல்லாம் இஞ்சினுக்கு மின்சாரம் கொடுத்துச் சூடாக வைத்தால்தான் காலையில் வண்டி கிளம்புமாம். இந்த அம்மாள் தனிமை என்ற சொல்லை எழுதுவதே இல்லை. அந்தப் பெண் ஒரு கோப்பையில் குடித்துவிட்டு இரண்டு கோப்பைகளைக் கழுவி வைத்தாள் என்று எழுதுகிறார். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். ஆறு வருடமாக என் மகள் எந்த ஊரில் இருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அன்று மாலை அவள் பேசினாள். அங்கே விடியும் நேரம். வழக்கம்போல் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று ஆரம்பித்துவிட்டு, "ஏங்கண்ணு, ராத்திரி வண்டிக்குக் கரண்டு மாட்டறது யாரு?" என்று கேட்டேன்.

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"சொல்லு, யாரு மாட்டறது?"

"நான்தான்" என்றாள். பிறகு அழ ஆரம்பித்தாள். மாப்பிள்ளைக்குச் சுரங்க வேலை, இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் வீட்டில். நிறைமாத வயிற்றோடு பனியில் வழுக்கி ஒரு தடவை உட்கார்ந்துவிட்டாளாம். ஞாயிற்றுக்கிழமைகளில் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் பொழுது போய்விடுமாம். இதையெல்லாம் ஏன் சொல்லவில்லை என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. நானும் என் கண்ணைப் பற்றியும் அவள் அனுப்பிய நாவலைப் படிப்பதைப் பற்றியும் சொன்னேன். "நீ தரையைப் பார்த்துட்டேவா பேசறே?" என்று கேட்டு அழுகைக்கு நடுவே சிரித்தாள்.

உண்மை தெரிந்தால் மனது லேசாகும் என்பார்கள். எனக்கு ஆகவில்லை. முன்பு அவள் தனியாக இருப்பாளோ என்று பயந்தேன். இப்போது எந்த அறையில், எந்த இருட்டில் என்று தெரிந்துகொண்டே இங்கே கவிழ்ந்து கிடந்தேன். விமானம் ஏறலாமா என்று இன்னொரு முறை டாக்டரிடம் கேட்டேன். கூடாது என்றார்.

அந்த அம்மாளின் இன்னொரு நாவலை வரவழைத்தேன். அப்பாவின் வீட்டை விற்க வருகிற இரண்டு சகோதரிகளின் கதை. அது வந்த மறுநாள், அறுவை முடிந்த பதின்மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்கு சௌமியா அழைத்தாள். குறித்த பிரசவ நாளுக்கு இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தது. வலி எடுத்துவிட்டது. அண்டை வீட்டுக்காரர் மருத்துவமனையில் விட்டுவிட்டுப் போயிருந்தார். மாப்பிள்ளை சுரங்கத்திலிருந்து புறப்பட்டு வழியில் இருந்தார். அங்கே இரவு ஒன்பதரை.

"ஏதாச்சும் பேசும்மா."

பேசினேன். தைரியம் சொல்வதெல்லாம் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிட்டது.

"அந்தப் புக்கு படிம்மா. நம்ம பாஷையில சொல்லு."

போனைத் தரையில் வைத்து, ஸ்பீக்கரில் போட்டுப் படிக்க ஆரம்பித்தேன். ஆங்கிலத்தில் ஒரு வரி பார்ப்பேன், எங்கள் பேச்சில் சொல்வேன். "அக்காக்காரி வாசல்ல பனிய வாரிக் கொட்டறா கண்ணு, தங்கச்சி சன்னல்ல நின்னு பாக்கறா" என்று. முதலில் ம், ம் என்று கேட்டது. அப்புறம் வலியில் முனகல். அப்புறம் சத்தமில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கேட்கிறாள் என்று நினைத்தேன். நிறுத்தினால் அவளைத் தனியாக விட்டதாகிவிடும் என்று பத்து நிமிட ஓய்வைக்கூட எடுக்கவில்லை. மதியம் கிரிஜம்மா சாப்பாட்டோடு வந்து, யாரோடு பேசுகிறீர்கள் என்று கேட்டார். மகளோடு என்றேன். தொண்டை கட்டிப்போயிருந்தது.

இரண்டு மணிக்குப் போன் மணி அடித்தது.

பேசிக்கொண்டிருக்கிற போன் எப்படி மணி அடிக்கும்? கையில் எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தேன். மாப்பிள்ளை, இன்னும் வழியில்தான் இருந்தார். "அத்தை, ஆஸ்பத்திரியிலிருந்து சொன்னாங்க. பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

முந்தைய அழைப்பு எவ்வளவு நேரம் என்று பார்த்தேன். இருபத்திரண்டு நிமிடம். மீதி நாலரை மணி நேரம் தரைக்குப் படித்திருக்கிறேன். குழந்தை பிறந்த சந்தோஷத்தோடு அதற்கும் சேர்த்து அழுதேன்.

மறுநாள் சௌமியா சொன்னாள், "பூரா கேட்டேம்மா. அதனாலதான் முடிஞ்சது." சரி கண்ணு என்றேன். அவள் பொய் சொல்வதும் நான் சரி என்பதும் எங்களுக்குப் பழக்கம்.

இரண்டு வாரம் முடிந்து தலையை நிமிர்த்தியதும் உலகம் உயரமாக இருந்தது. இடது கண்ணில் ஒரு நீர்மட்டக் கோடு தெரிந்தது. கண்ணுக்குள் மேலே மிதக்கும் குமிழி பார்வைக்குத் தலைகீழாகத் தெரியுமாம்: கீழே குமிழி, மேலே வெளிச்சம். நடந்தால் கோடு தளும்பும். நாட்காட்டியைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். காலையில் எழுந்ததும் கோடு எங்கே இறங்கியிருக்கிறது என்று பார்ப்பேன், பேத்திக்கு எத்தனை நாள் என்று கணக்குப் போடுவேன். ஒரு கட்டத்தில் குமிழி பட்டாணி அளவானது. ஒருநாள் பல் துலக்கும்போது அதுவும் இல்லை. பேத்திக்கு நாற்பத்திரண்டு நாள்.

டாக்டர் சோதித்துவிட்டு விமானம் ஏறலாம் என்றார். அன்றே சௌமியாவை அழைத்தேன். வேணும்னா வா என்பாள் என்று தெரியும். என்ன பதில் சொல்வதென்றும் யோசித்து வைத்திருந்தேன்.

"அம்மா, நான் பூரா கேட்கலை" என்றாள். "பனி வாரறப்பவே லைன் போயிடுச்சு. அப்புறம் யாருமே இல்லம்மா. நீ வா. எனக்கு நீ வேணும்."

அவள் என்னிடம் எதையும் கேட்டதே இல்லை என்று சொன்னேன் அல்லவா? கேட்டுவிட்டாள்.

அடுத்த வாரம் புறப்படுகிறேன். விழித்திரையின் நடுப்பகுதியும் கழன்றிருந்ததால் இடது கண்ணில் நேர்க்கோடு இனி வளைந்துதான் தெரியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கதவு நிலை வளைந்திருக்கிறது, பேருந்தின் கம்பி வளைந்திருக்கிறது, எதிரில் இருப்பவர் முகம் கொஞ்சம் ஒதுங்கியிருக்கிறது. இரண்டு கண்ணாலும் பார்த்தால் ஒருவாறு சரியாகிவிடும். குழந்தையின் முகத்தை முதலில் எந்தக் கண்ணால் பார்ப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.