நிமிடத்துக்கு ஒரு தடவை

லண்டனில் குடும்ப வைத்தியரைப் பார்க்க நேரம் எடுப்பது பெரும்பாடு. மனைவியின் முழங்கால் வலிக்காக, வைத்தியரின் இணையத்தளத்தில் இடம் இருக்கிறதா என்று பார்க்க மகள் சிறு நிரல் ஒன்று எழுதித் தந்தாள். நான் பொத்தானை அறுபத்தொரு தடவை அழுத்தினேன். தளம் எங்களைத் தடுத்துவிட்டது.

மகள் நிரலைத் திருத்தினாள். "அப்பா, இனி எத்தனை தரம் அமத்தினாலும் நிமிசத்துக்கு ஒருக்காத்தான் ஓடும்."

"கொப்பாவின்ர வாய்க்கும் அப்பிடி ஒண்டு எழுதிவிடு பிள்ளை," என்றாள் மனைவி. "காலமை தொடக்கம் பதினெட்டுத் தரம் 'நோகுதோ' எண்டு கேட்டிட்டார். நானும் பதினெட்டுத் தரம் 'இல்லை' எண்டு சொல்லியாச்சு."

மகள் சிரித்தாள். எனக்குச் சுட்டது. பகல் முழுவதும் வாயை அடக்கிக்கொண்டு அறைக்குள் நடந்தேன். மாலையில் ஒரே ஒரு தடவை கேட்டேன்.

மனைவி முழங்காலைத் தடவிக்கொண்டாள். "ஓம், சரியா நோகுது. படியேற ஏலாமக் கிடக்கு."

காலையில் சொன்ன பதினெட்டு 'இல்லை'யும் என்னை அமைதிப்படுத்தத்தான் என்று அப்போதுதான் விளங்கியது.