கண்ணை மூடாத கிறிஸ்துமஸ் தாத்தா

சேலையூரில் டிசம்பர் வந்தால் எங்கள் சர்ச் கேரல் குழு வீடு வீடாகப் போய்ப் பாடும். அதில் கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போடுபவருக்குக் கடவுள் நம்பிக்கையே கிடையாது. பாஸ்டருக்கும் அது தெரியும். ஆனால் அந்த மாதிரித் தொந்தி விசுவாசிகள் யாருக்கும் இல்லை.

ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பாட்டு முடிந்து பாஸ்டர் ஜெபிக்கத் தொடங்கியதும் எல்லோரும் கண்ணை மூடினோம். ஜெபம் நீண்டுகொண்டே போகவே, நான் லேசாக ஒரு கண்ணைத் திறந்தேன். தாத்தா முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, விருந்தாளிகளுக்கு வைத்திருந்த பிளம் கேக்கை நிதானமாக மென்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கண்ணடித்தார்.

கிளம்பும்போது அவர் செருப்பு மாட்டுகையில் வாசலில் பிடித்தேன். “என்ன சார் இது, ஜெபம் நடக்கும்போது?”

“எல்லாரும் கண்ணை மூடிக்கினு இருக்கீங்க. கேக்கை யாராவது பாத்துக்கணும் இல்ல?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “நான் சாமி இல்லைங்கறவன், முழிச்சுகினு இருந்தேன். நீங்க எதுக்கு சார் கண்ணைத் தொறந்தீங்க?”

கேட்டுவிட்டு முகமூடியை இறக்கிக்கொண்டு, மணியை ஆட்டியபடி அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

அன்றிலிருந்து ஜெபத்தில் இரண்டு கண்களையும் இறுக்கி மூடிக்கொள்கிறேன். ஆனால் மூடிய கண்ணுக்குள் கர்த்தர் வருவதற்கு முன்னால் அந்தத் தொந்தி வந்து நிற்கிறது.