ஆறில் தாவும் கை

நாத்தனாருக்கு வயது குறைவு, வாய் நீளம். வீட்டுக்கு வந்த மருமகளுக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியும் என்று கேள்விப்பட்ட அன்றே தன் கிட்டாரோடு வந்து பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, நான் விடுற இடத்துல நீங்க வாசிங்க. நான் வாசிக்கிற இடத்துல கம்முனு இருங்க. வீட்லயும் அதேதான், ஞாபகம் வெச்சுக்கோங்க!"

மருமகள் சிரித்துவைத்தாள். பகலெல்லாம் துணி ஆலையில் கால்சட்டைகளுக்கு ஜிப் தைப்பது அவள் வேலை. நாத்தனார் அமைத்த மெட்டும் ஜிப்பைப் போலத்தான். ஒருத்தியிடம் பாதிப் பற்கள், இன்னொருத்தியிடம் மீதி. தனித்தனியாகக் கேட்டால் பல்லுப் போனவர் பேசுவது மாதிரி இருக்கும். சேர்த்துக் கேட்டால் ஒரே கை இடைவிடாமல் வாசிப்பதுபோல ஓடும். கணக்கும் நேர்க்கணக்கு இல்லை. ஏழு எண்ணி ஒரு சுற்று, அடுத்தது ஐந்து, மறுபடி ஏழு, அப்புறம் ஒன்பது. தொடையில் தட்டித் தாளம் போட உட்கார்ந்தவர்கள் பாதியிலேயே கையைக் கட்டிக்கொள்வார்கள்.

முதல் மேடையில்தான் வினை வந்தது. பதற்றத்தில் நாத்தனார் இரண்டாவது ஏழுச் சுற்றை முடிக்கவில்லை. ஆறு எண்ணியதுமே அடுத்த சுற்றுக்குத் தாவிவிட்டாள். மருமகள் ஏழாவதை வாசித்தால் இரண்டு பேரும் முட்டிக்கொள்வார்கள். கண் இமைக்கும் நேரத்தில் மருமகளும் தாவினாள். கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

"எப்படி வாசிச்சேன் பாத்தியாண்ணா?" என்று துள்ளிக்கொண்டு இறங்கினாள் நாத்தனார்.

"என் தங்கச்சின்னா சும்மாவா?" என்றான் ஒலிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டிருந்த அண்ணன்.

அதன்பிறகு அதே இடத்தில் நாத்தனார் ஒவ்வொரு முறையும் தாவினாள். தாவுகிறோம் என்பதே அவளுக்குத் தெரியாது. சொன்னால் வீடு இரண்டாகும். மருமகள் சொல்லாமல் கூடவே தாவித்தாவி வருடங்கள் போயின.

ஒரு கச்சேரிக்குப் பிறகு இசையமைப்பாளர் ஒருவர் மருமகளைத் தனியே கூப்பிட்டார். "ஒலிப்பதிவுக்கு ஒரு கிட்டார் வேணும். நிரந்தர வேலை. வந்து ஒரு தடவை தனியா வாசிச்சுக் காட்டுங்க."

தனியா. அந்தச் சொல்லை அவள் வீடுவரை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டே வந்தாள். தன் கை எடுத்துவைக்கும் அடி தன்னுடையதாகவே இருக்கும் ஒரு வேலை. புருஷனிடம் மட்டும் சொன்னாள்.

"அவளை விட்டுட்டா?"

"ஆமாங்க. இப்போதைக்குச் சொல்லாதீங்க."

அவன் வாயில் எதுதான் தங்கியிருக்கிறது? போகிற அன்று நாத்தனார் கிட்டாரோடு வாசலில் நின்றாள். "துணைக்கு வரேன் அண்ணி. தனியா போனா பயந்துடுவீங்க."

கண்ணாடி போட்ட சின்ன அறை. காதில் மாட்டிய கருவியில் டிக் டிக்கென்று கணக்குச் சத்தம். மருமகள் தன் பாதியை வாசித்தாள். ஏழு சரி. ஐந்து சரி. இரண்டாவது ஏழில், ஆறு முடிந்ததும் கை தாவிவிட்டது. டிக் சத்தம் பின்தங்கி நின்றது.

"ஒரு அடியை முழுங்கிட்டீங்கம்மா. மறுபடி," என்றது காதுக்குள் இசையமைப்பாளரின் குரல்.

இந்தமுறை வாய்விட்டு எண்ணினாள். அஞ்சு, ஆறு... உதடு 'ஏழு' என்று சொல்லும்போது விரல் அதைத் தாண்டிப் போயிருந்தது. மறுபடியும் முயன்றாள். அதே இடத்தில் அதே தாவல்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நாத்தனாரின் குரல் காதுக்குள்ளேயே கேட்டது. "அண்ணி எப்பவும் இப்படித்தான் சார், அவசரக்குடுக்கை. நான்தான் இழுத்துப் பிடிச்சுக் கரை சேர்க்கறேன்."

மருமகள் நிமிர்ந்தாள். அது நான் இல்ல சார், அவதான் தாவுவா என்று சொல்லலாம். ஆனால் தாவிய விரல் யாருடையது? பக்கத்தில் வேறு யாரும் உட்கார்ந்திருக்கவில்லையே.

"பழகிப்போச்சு சார்," என்று மட்டும் சொன்னாள்.

அவர் யோசித்தார். டிக் சத்தத்தை நிறுத்தினார். "ரெண்டு பேரும் சேர்ந்து வாசிங்க, பாப்போம்."

நாத்தனார் வந்து முட்டியோடு முட்டி இடிக்க எதிரே உட்கார்ந்தாள். அறையில் இருந்த இடம் அவ்வளவுதான். வாசித்தார்கள். ஆறில் நாத்தனார் தாவினாள். மருமகளும் தாவினாள். ஒரு பிசிறு இல்லை.

அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "அந்தத் தாவல்! அது யாரோட யோசனை?"

"என்னோடதுதான் சார்," என்றாள் நாத்தனார், எந்தத் தாவல் என்று தெரியாமலே.

"தனியா ஒரு ஆள்னு நெனச்சது என் தப்பு. ரெண்டு பேரும் வாங்க. இனிமே உங்களைப் பிரிச்சுக் கூப்பிட மாட்டேன், கவலைப்படாதீங்க."

நாத்தனார் மருமகளைக் கிட்டாரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். "கேட்டீங்களா அண்ணி? இனி தினமும் நீங்களும் நானும்தான்!"

"ஆமாம்மா."

"பதிவு பண்ணிடலாம், இன்னொரு தடவை," என்று சொல்லிவிட்டு அவர் கதவை வெளிப்பக்கம் சாத்தினார். மருமகள் நாத்தனாரின் விரல்களைப் பார்த்தபடி எண்ணத் தொடங்கினாள்.