பாதியில் அறுந்த குலவை

எங்கள் பக்கத்தில் முதல் நாற்றுமுடியைப் பிரித்ததும் குலவை போட்டுத்தான் நடவில் கை வைப்போம். ஒரத்தநாட்டைச் சுற்றி நடவுக்குப் போகிற எங்கள் பதினோரு பேரில் அதைத் தொடங்குவது என் அக்கா. அவள் குரல் அடுத்த ஊருக்குக் கேட்கும்.

அந்தக் குறுவையில் அது பாதியில் அறுந்தது. குலவை அறுந்தால் வெள்ளாமைக்கு ஆகாது என்பார்கள். வயல்காரர் முகம் சுண்டிப்போனது. "இன்னொருக்கா போடச் சொல்லுங்க" என்றார். மூன்று முறை போட வைத்தோம். மூன்றும் அறுந்தன.

"மில்லுச் சங்கு மாதிரி ஊதுவ, இன்னைக்குப் பீப்பி ஊதுறியேக்கா" என்று கேலி செய்தவள் நான்தான்.

"குனிஞ்சாதான்டி மூச்சு முட்டுது. நிமிந்தா சரியாயிடுது" என்றாள்.

குனிந்து நடுகிறவளுக்கு மூச்சு வாங்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டோம். அவள் மகள் சொல்லித்தான் தெரிந்தது, ஒரு மாதமாக அக்கா படுப்பதே இல்லை, நெல் மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குகிறாள் என்று. அன்றைக்கே தஞ்சாவூருக்கு பஸ் ஏறினோம்.

ஸ்கேன் அறையில் டாக்டரம்மா திரையைத் திருப்பிக் காட்டினார். "இதாம்மா இதயத்துல இருக்கிற வால்வு. சரியா மூடல. ரத்தம் பின்னாடியே திரும்பி நுரையீரல்ல நீர் கோத்திருக்கு."

அக்கா உற்றுப் பார்த்தாள். "வடிகால் மதகு மூடலன்னா ஆத்துத் தண்ணி வயலுக்கே திரும்பி ஏறுமே, அதுங்களா?"

"அதேதாம்மா."

நானும் திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்தேன். ஒரு கைப்பிடித் தசை. அதற்குள் மெல்லிசாய் ஒரு பலகை திறந்து திறந்து மூடுகிறது. ஆற்று மதகுக்காவது கோடையில் ஓய்வு உண்டு. மூச்சுவிட நேரமில்லை என்று வயலில் அலுத்துக்கொள்வோமே, அப்போதும் இது நிற்காமல் வேலை பார்த்திருக்கிறது. எங்களில் ஒருத்தியும் அதை நினைத்ததில்லை.

ஆபரேஷன் முடிந்து, சம்பா நடவுக்கு வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். குனியக் கூடாதென்று உத்தரவு. நாற்றுமுடி பிரித்தாயிற்று.

"வேற யாராச்சும் போடுங்கடி" என்றாள்.

நாற்றைக் கையில் பிடித்தபடி எல்லாரும் அவளையே பார்த்தோம். கடைசியில் அவளே போட்டாள். பழைய நீளம் இல்லை. ஆனால் அறுந்துபோகவில்லை, அவளாக நிறுத்தினாள்.

"பீப்பின்னியே" என்று என்னைப் பார்த்தாள். "குனிஞ்சு நடுடி. என் வாயப் பாத்துக்கிட்டு நிக்கிற."