மைக் இல்லாத பாராட்டு விழா

எழுபதுகளின் தொடக்கத்தில், தாம்பரத்துக்கு மேற்கே ஏரிக்கரையை ஒட்டிய புது நகரில் வீடு கட்டிக் குடிவந்தோம். தெரு முடியும் இடத்தில் ஒரு புளியந்தோப்பு. மழைக்காலம் வந்தால் மரத்தில் இலையே தெரியாது. நாரையும் கொக்குமாகக் கூடு கட்டியிருக்கும். முதல் வருஷம் நான் அவற்றைத் திட்டாத நாளில்லை. கொடியில் காயப்போட்ட ஒரு புடவைகூட எச்சத்துக்குத் தப்பவில்லை. நாற்றம் வேறு. ஆனால் ஒரு நாள் மொட்டைமாடியிலிருந்து, தாய்ப்பறவை குஞ்சுக்கு இரை ஊட்டுவதைப் பார்த்துத் தொலைத்தேன். அதன்பிறகு புடவையை வீட்டுக்குள்ளேயே உலர்த்த ஆரம்பித்தேன்.

தோப்பு, பழைய ஊர்க் குடும்பத்து அம்மாள் ஒருவருடையது. எங்கள் நகரே அவர்கள் விற்ற வயல்தான். தோப்பை மட்டும் அவர் விற்கவில்லை. குஞ்சுகள் பறக்கிற வரை புளி உலுக்க ஆள் விடமாட்டார். தீபாவளிக்கு ஊர்ப் பிள்ளைகள், பறவைகள் மிரளாதபடி, ரயில் பாதை தாண்டிப் போய்த்தான் வெடி வெடிப்பார்கள். மனை புரோக்கர் ஒருவர் வந்து கேட்டபோது அவர் சொன்ன பதில் தெருவுக்கே கேட்டது: "குஞ்சும் குளுவானுமா கீறதுங்கள தொரத்திட்டு எனக்கு இன்னாய்யா துட்டு? போய்யா!"

அந்த மனசுக்கு மரியாதை செய்ய எங்கள் நலச் சங்கம் முடிவு செய்தது. செயலாளர் என் வீட்டுக்காரர், கேட்க வேண்டுமா! பொங்கல் விடுமுறையில், தோப்பிலேயே விழா. பொன்னாடை, ரோஜா மாலை, மைக் செட், அம்மாள் வரும்போது சரவெடி. சத்தம் இல்லாவிட்டால் நம் ஆட்களுக்கு அது மரியாதையே இல்லை. விழா எந்த மரத்தடியில் என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

மைக் செட்காரர் குழாய் ஒலிபெருக்கியைப் புளியங்கிளையில் கட்டி, "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்றார். அவ்வளவுதான், பறவைகள் மொத்தமும் எழும்பி வானத்தில் சுற்றின. பட்டுப்புடவையில் வந்துகொண்டிருந்த அம்மாள் ஓட்டமாக ஓடிவந்தார்.

"இன்னா சார் பண்ணிகினு கீறீங்க? மேல குஞ்சுங்க கீது. தாயி பயந்துகினு திரும்பி வரலன்னா அதுங்க கதி இன்னா? எனக்கு மாலயும் வாணாம், ஒண்ணியும் வாணாம்!"

மைக்கை நிறுத்தினோம். சரவெடியை ஒருவர் வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போனார். எல்லோரும் தரையில் உட்கார்ந்து மேலே பார்த்தோம். ஒரு நாரை தயங்கித் தயங்கி இறங்கியது. பின்னாலேயே இன்னொன்று. பிறகு எல்லாமே கும்பலாக இறங்கின. குஞ்சுகள் கத்திய கத்தலில் அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

அப்புறம் விழா நடந்தது, ரகசியம் பேசுகிற மாதிரி. சங்கத் தலைவர் மனப்பாடம் செய்திருந்த அடுக்குமொழிப் பேச்சைக் கிசுகிசுத்தார். முழங்க வேண்டிய இடங்களில் கழுத்து நரம்பு மட்டும் புடைத்தது. கைதட்டுவதற்குப் பதில் கைகளைத் தூக்கி ஆட்டினோம். பொன்னாடை போர்த்தும் நேரத்தில் என் வீட்டுக்காரர் தோளில் மேலேயிருந்து சொத்தென்று விழுந்தது. நான் சிரிப்பை அடக்கியது எனக்குத்தான் தெரியும்.

இரண்டு வார்த்தை பேசச் சொன்னோம். அம்மாள் மரத்தையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நா இன்னா பெர்சா பண்ட்டேன்? எங்கிருந்தோ வந்து கூடு கட்டிக்கினு புள்ளகுட்டியோட கீதுங்க. போன்னு சொல்ல மனசு வரல." எங்கள் புது வீடுகளின் பக்கம் கையைக் காட்டினார். "உங்களயே சொல்லலியே!"

அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.