நல்ல தண்ணீர்க் கிணறும் நடுவில் நின்ற தரகனும்

காலை ஆறரை மணி, இரண்டு வெற்றுப் போத்தல்கள், தவசீலன். பூவரசங்குளத்தில் நான் பேசி முடித்த வீடுகளில் என்னை ஆகக்கூடுதலாக அலையவைத்த வீட்டின் கதை இப்படித்தான் தொடங்கியது. இரண்டு பேர் நேரில் சொல்ல வெட்கப்படுவதை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்ச் சொல்வதுதான் தரகு. வீடு வாங்கியோ விற்றோ அவதிப்பட்டவர் என்றால் உங்களுக்கும் அந்த வெட்கம் தெரிந்திருக்கும்.

போத்தலோடு வந்தவர்

எங்கள் பக்கத்தில் வீடு பார்க்க வருகிறவர் முதலில் போவது கிணற்றடிக்கு. கூரை ஒழுகினால் மாற்றலாம். தண்ணீர் கல்லுத் தண்ணீராக இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. கேத்திலின் அடியில் வெள்ளை படியும், பருப்பு அவியாது, சிறுநீரகத்தைப் பற்றிய பயம் வேறு. வவுனியா நகரில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு சீமெந்துக் கடை நடத்தும் தவசீலன், மாரியாயி அம்மாவின் வீட்டுக்குள் கால் வைக்காமலே இரண்டு போத்தலிலும் தண்ணீரை நிரப்பிக்கொண்டு போய்விட்டார். அம்மா குசினி வாசலில் தேத்தண்ணியோடு நின்றது நின்றபடி.

பின்னேரம் தவசீலன் தொலைபேசியில் அழைத்தார். மனைவி நிரோஜா அந்தத் தண்ணீரைத் திரும்பத் திரும்பக் கொதிக்க வைத்துப் பார்த்தாராம், கேத்திலில் ஒரு படிவும் இல்லையாம். வீட்டைப் பற்றி ஏதாவது கேட்கவேண்டுமா என்று நானாகவே கேட்டேன். "அறை எத்தினை எண்டதைப் பிறகு பாப்பம் அண்ணை. எனக்கு அந்தக் கிணறு வேணும்."

கூட்டுகிறவரும் குறைக்கிறவரும்

மாரியாயி அம்மா மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தவர். இப்போது தனியாள். செட்டிகுளத்தில் இருக்கும் மகளோடு போய் இருக்கத்தான் வீட்டை விற்கிறார். உறுதிப் பத்திரம் உள்ள காணி, வில்லங்கம் இல்லை. நிபந்தனை ஒன்றே ஒன்று. பக்கத்தில் உள்ள மூன்று வீட்டாரும் குடிதண்ணீர் அள்ளுவது இவருடைய கிணற்றில்தான். அவர்களுடைய கிணறுகளில் கல்லுத் தண்ணீர். அவர்கள் வந்துபோகும் வேலிப் படலையை மூடக்கூடாது, அதை உறுதியிலும் எழுதவேண்டும்.

தவசீலன் மறுத்தார். படலையை மூடிக் கிணற்றைத் தனக்கு மட்டும் தந்தால், கேட்ட விலைக்கு மேல் ஒரு இலட்சம் தருவதாகச் சொல்லியனுப்பினார். படலை இருக்குமென்றால் தான் ஒரு இலட்சம் குறைப்பதாக அம்மா பதில் சொன்னார். அவர் இன்னும் கூட்டினார். அம்மா இன்னும் குறைத்தார். வாங்குகிறவர் ஏற்ற, விற்கிறவர் இறக்க, நான் நடுவில் பெற்றோல் எரித்தேன்.

என் கூலி விலையோடு சேர்ந்து ஏறி இறங்குவது. எந்தப் பக்கம் பேசவேண்டும் என்பதில் எனக்குக் குழப்பமே இருக்கவில்லை. கூடுதலாக வரும் காசில் மூன்று வீட்டுக்கும் தண்ணீர்த் தொட்டி வாங்கிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் போகலாமே என்று அம்மாவிடம் நயமாகச் சொன்னேன். "தொட்டி வாங்கிக் குடுக்கலாம் தம்பி. அதுக்குள்ள ஊத்துற தண்ணிய எங்க வாங்குறது?"

பெரியப்பாவின் வழக்கு

தவசீலனின் பயத்துக்கும் காரணம் இருந்தது. அவருடைய ஆட்கள் யாழ்ப்பாணத்துக்காரர். அங்கே பங்குக் கிணறு என்றால் யாருக்கு எத்தனை பங்கு என்று உறுதியிலேயே இருக்கும். இருந்தும் சண்டை வரும். அவருடைய பெரியப்பா அப்படி ஒரு பங்குக்காகச் சொந்தத் தம்பியோடு வழக்காடி, தீர்ப்பைக் காணாமலே செத்துப்போனாராம். இன்றைக்குத் தண்ணீர் அள்ளுகிறவர்கள் நாளைக்குப் பாதை கேட்பார்கள், பிறகு கிணற்றையே கேட்பார்கள் என்பது தவசீலனின் வாதம்.

இதை அப்படியே கொண்டுபோய் மாரியாயி அம்மாவிடம் சொன்னேன். தண்ணீருக்காகக் கோட்டுக்குப் போகலாம் என்பதை விளங்கிக்கொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து கேட்டார். "வழக்குப் போட்ட மனுசன் போயிட்டாரு. கெணறு இருக்கா தம்பி?"

இறைத்துத் தரவேண்டும்

தவசீலன் கடைசியாக ஒன்று கேட்டார். முடிவு சொல்லுமுன் கிணற்றை இறைத்து அடியைக் காட்டவேண்டும். இது எவரும் கேட்பதுதான். ஆவணி கடைசி, தண்ணீரும் நன்றாக இறங்கியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூலியாள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ஏற்கனவே தண்ணீர் இறைக்கும் மிசின் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று வீட்டாரும் கிணற்றடியில் நின்றார்கள். அடுத்த வீட்டுச் செல்லையா உள்ளே இறங்கிச் சேற்றை வாளியில் அள்ள, மற்றவர்கள் கயிறு பிடித்து மேலே இழுத்தார்கள். வருடா வருடம் இப்படித்தானாம். கூட்டிவந்த கூலியாட்கள் நிழலில் இருந்து தேத்தண்ணி குடித்தார்கள்.

மத்தியானம் தவசீலனும் நிரோஜாவும் வந்தபோது அடிக் கல் தெரிந்தது, ஊற்று கொப்பளித்தது. தவசீலனுக்கு முகமெல்லாம் சந்தோசம். பேர்சை எடுத்து, மேலே ஏறி வந்த செல்லையாவிடம் எவ்வளவு கூலி என்று கேட்டார். செல்லையா காலில் இருந்த சேற்றைக் கழுவிக்கொண்டே சொன்னார். "நம்ம கெணத்துக்கு நாம எதுக்குங்க கூலி வாங்கணும்?"

தவசீலன் இத்தனை நாளும் பயந்த சொல் அதுதான். பேர்சை மூடினார், என்னை ஒரு பார்வை பார்த்தார், மோட்டார் சைக்கிள் திறப்பைக் கையில் எடுத்தார். மூன்று வீட்டாரும் வாளியைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தபடி நின்றார்கள். நிரோஜா மட்டும் கிணற்றுக் கட்டின்மேல் சாய்ந்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார். "இஞ்சருங்கோ, நீங்கள் சொன்ன மாதிரியே படலையை மூடுவம். வாற ஆவணிக்குச் சேறள்ள நீங்கள் இறங்குங்கோ, நான் கயிறு பிடிக்கிறன்."

முடிந்த விலை

தவசீலன் கிணற்றின் ஆழத்தை மறுபடி பார்த்தார். திறப்பு சட்டைப் பைக்குள் போனது. படலை உறுதியில் எழுதப்பட்டது. மாரியாயி அம்மா சொன்ன சொல் மாறாமல், தான் கடைசியாக இறக்கிய விலைக்கே கொடுத்துவிட்டுச் செட்டிகுளம் போனார். ஆகவே எல்லாருக்கும் ஏதோ கிடைத்த இந்தப் பேரத்தில் குறைந்தது என் கூலி மட்டும்தான்.

மறு வருடம் ஆவணி கடைசி ஞாயிற்றுக்கிழமை அந்தக் கிணறு இறைக்கப்பட்டது. செல்லையா இறங்கினார், தவசீலன் கயிறு பிடித்தார், தரகனை ஒருவரும் கூப்பிடவில்லை.