பசுப் படம் போட்ட சோப்பு

குற்றாலத்தில் பேரருவிக்குப் போகும் பாதையில் என் அக்கா ஒரு சின்னக் கடை வைத்திருந்தாள். நல்லெண்ணெய், சீயக்காய்த் தூள், கஸ்தூரி மஞ்சள், குளிக்க வருகிறவர்களுக்கு வாடகைத் துண்டு. அத்தான் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கடை நின்ற இடம் அத்தானுடைய குடும்பச் சொத்து. ஆனி பிறக்கும் முன்பே அத்தானின் அண்ணன் அச்சன்புதூரிலிருந்து வந்து சொல்லிவிட்டுப் போனார்.

"இந்தச் சாரல் சீசனுக்கு நீயே நடத்திப் பாரு. முடிஞ்சா கடை உங்கிட்டயே இருக்கட்டும். முடியலேன்னா நான் எடுத்துக்கிடுதேன். நீ நம்ம வீட்டுல வந்து இருந்துரு."

அதட்டிச் சொல்லவில்லை, நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அந்த வீடு எனக்குத் தெரியும். மூன்று மருமகள்கள் இருந்த வீட்டில் அக்கா நான்காவதாக அடுப்படியில் நிற்பாள். விசேஷ நாளென்றால் அங்கேயும் நிற்கக்கூடாது, பின்கட்டுக்குப் போய்விட வேண்டும். கடையிலோ அவளுக்கு ஒரு முக்காலி இருந்தது. அதில் உட்கார்ந்து, வருகிறவர்களை முகம் பார்த்துப் பேசினாள்.

நான் அப்போது சென்னையில் பெண்களுக்கான கைத்தொழில் பள்ளி ஒன்றில் சோப்பு, மை, மெழுகுவத்தி செய்யப் படித்துவிட்டுத் தென்காசிக்குத் திரும்பியிருந்தேன். வரிசைப்படுத்தாமல் என்னால் எதையும் யோசிக்க முடியாது. ஒரு நாள் முழுக்கக் கடையில் உட்கார்ந்து கவனித்தேன். முதலாவது, எண்ணெயும் சீயக்காயும் அந்தப் பாதையில் எல்லாக் கடையிலும் இருந்தன. இரண்டாவது, வெளியூர்க்காரர்கள் சோப்புக் கேட்டார்கள், ஒரு கடையிலும் இல்லை. மூன்றாவது, எங்களிடம் பணம் இல்லை. மூன்றாவதை வைத்துக்கொண்டுதான் மற்ற இரண்டையும் சரிசெய்ய வேண்டும்.

தேங்காய் எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் வாங்கினேன். வாசனைக்குச் செங்கோட்டைப் பக்கம் கிடைக்கும் புல்தைலம். ஒரு தச்சரிடம் பழைய பலகையில் அச்சுப்பெட்டி செய்து வாங்கினேன். சோப்பு நன்றாகவே வந்தது. உறை அடிக்கத் தென்காசியில் ஓர் அச்சாபீஸுக்குப் போனேன். புதுப் படமென்றால் அதை அடிக்கும் அச்சுக்கட்டையை, பிளாக்கை, மதுரைக்கு அனுப்பிச் செய்ய வேண்டும், அதற்கு வழியில்லை. இருக்கிற பிளாக்குகளில் ஒன்றை எடுத்துக்கொள் என்று ஒரு தட்டைக் காட்டினார்கள். யானை, புலி, கைக்கடிகாரம், பசு. நெய் வியாபாரி ஒருவருக்காகச் செய்த பசு அது. லட்சணமாக இருந்தது. சுத்தம், மங்களம், எல்லாருக்கும் பிடித்தது என்று எண்ணி அதையே எடுத்தேன். அக்காவும் பார்த்துவிட்டு, "மகாலட்சுமி மாதிரி இருக்குட்டி" என்றாள்.

நோட்டீஸ் அடிக்கவும் காசில்லை. அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு துண்டு சோப்பு இனாமாகக் கொடுத்தோம். எண்ணெயைப் போக்க அவர்களே அதைப் போட்டுவிட்டு, எங்கே கிடைக்கும் என்று கேட்டவர்களை எங்களிடம் அனுப்பினார்கள். முதல் சில நாள் நன்றாகவே விற்றது. அக்கா முக்காலியிலிருந்து எழுந்து நின்றே வியாபாரம் பார்த்தாள்.

பிறகு ஒரு காலையில் திருநெல்வேலியிலிருந்து வந்த ஓர் அம்மாள் சோப்பைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன படம்மா?"

"பசு. சுத்தமான சோப்புங்கதுக்கு அடையாளம்" என்றேன்.

"நெய் டின்னுல பசு போட்டிருக்கான், உள்ள பசு நெய் இருக்கு. எண்ணெய் டின்னுல எள்ளுச்செடி போட்டிருக்கான், உள்ள நல்லெண்ணெய் இருக்கு. சோப்புல பசுவப் போட்டா உள்ள என்னம்மா இருக்கும்?"

நான் பதில் சொல்வதற்குள் சோப்பைப் பலகையில் போட்டுவிட்டு அருவிப் பக்கம் கை கழுவப் போய்விட்டார்.

மத்தியானத்துக்குள் எண்ணெய் தேய்க்கிறவர்கள் வந்துவிட்டார்கள். அவர்களில் மூத்தவர் சோப்புத் துண்டைத் திருப்பி வைத்தார். "ஏ தாயி, சைவக்காரவுக முதுகுல மாட்டுக் கொழுப்பத் தேய்க்க வச்சிட்டியே. நாளைக்கு எவன் எங்கிட்ட முதுகக் காட்டுவான்?"

"கொழுப்பே இல்ல அண்ணாச்சி, தேங்காயெண்ணெய்" என்றாள் அக்கா.

"ஒரு மாட்டுக்கு எத்தன சோப்பு தேறும் தாயி?" என்று பின்னால் நின்ற ஒருவன் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். எந்த வாய்கள் எங்களுக்காக இனாமாக விளம்பரம் செய்தனவோ, அதே வாய்கள் இதையும் இனாமாகக் கொண்டுபோயின. ஐந்தருவி வரைக்கும் போய்விட்டது.

செய்யக்கூடியவற்றை வரிசையாகச் செய்தேன். பசுவின் மேல் காகிதம் ஒட்டினேன். "மறைக்கா பாரு" என்றார்கள். உறையையே கழற்றிவிட்டேன். துணி சோப்பு என்று நினைத்து யாரும் தொடவில்லை. கடைசியில் கடை வாசலிலேயே எல்லாருக்கும் முன்னால் சோப்புக் காய்ச்சிக் காட்டுவது என்று தீர்மானித்தேன். கூட்டம் கூடிவிட்டது. தேங்காய் எண்ணெயை எல்லாரும் முகர்ந்து பார்த்தார்கள். சரி என்றார்கள். காஸ்டிக் கரைசலை ஊற்றிக் கிண்டினேன். பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடியே எண்ணெய் மெல்ல வெளுத்து, தடித்து, கட்டியாக ஆரம்பித்தது.

"பாத்தியா! கொழுப்பு!" என்று ஒரு குரல் கேட்டது.

இரசாயனம் தெரிந்த எனக்கு அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை. கரண்டியை நிறுத்தினால் சோப்புக் கெட்டுவிடும். கூட்டம் கலைந்து போகிற வரைக்கும் கிண்டிக்கொண்டே இருந்தேன்.

ஆடி நடுவில் அத்தானின் அண்ணன் வந்தார். விஷயம் அச்சன்புதூருக்கும் போயிருந்தது. நெற்றி நிறையத் திருநீறு, தோளில் ஈரிழைத் துண்டு. எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. அக்காவை எழச் சொல்லிவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார். ஒரு சோப்பை எடுத்து, வாசலில் குடத்துத் தண்ணீரில் முகம் கழுவினார். திருநீறு போனதும் மறுபடி பூசிக்கொண்டார். பாதையில் போன ஒருவர் நின்றார்.

"அண்ணாச்சி, இது மாட்டுக் கொழுப்புன்னு சொல்லுதாவளே?"

"எவன் சொன்னான்? அம்புட்டும் தேங்காயெண்ணெ. நான் சொல்லுதேம்லா?"

"நீங்க சொன்னா சரிதான்" என்று அவர் இரண்டு வாங்கிப்போனார்.

அத்தானின் அண்ணன் சோப்புச் செய்வதை ஒரு நாளும் கண்ணால் பார்த்ததில்லை. சாயங்காலத்துக்குள் பலகை காலியாகிவிட்டது.

அக்காவின் முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அவ்வளவு சந்தோஷம். "அப்பாடா. இனிமே பயமில்ல பெரியத்தான். நாளையிலேருந்து நானே பாத்துக்கிடுதேன்" என்றாள்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "நான் உக்காந்தேன், வித்துச்சு. நாளைக்கு நீ உக்காந்தா மறுபடி ஆரம்பிப்பானுவ. அதத்தான நாம பேசிக்கிட்டோம்? நீயா நடத்த முடிஞ்சான்னுதான சொன்னேன்?"

"சோப்பு வித்துருச்சுல்ல பெரியத்தான்?"

"வித்துச்சு. யாரு வித்தா?"

அக்கா என்னைப் பார்த்தாள். படித்தவள் ஏதாவது சொல்வாள் என்று நினைத்திருப்பாள். நான் மனதுக்குள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். சோப்பு நல்லது. அவரே ஒப்புக்கொண்டார். ஜனங்கள் அவர் பேச்சைத்தான் கேட்டார்கள். அதை நான் கண்ணால் பார்த்தேன். எங்கிருந்து தொடங்கினாலும் கணக்கு அவர் பக்கமே போய் முடிந்தது.

என் பக்கம் திரும்பி, "நீ நல்லாப் போடுதம்மா. நிறுத்திராத. அடுத்த பெட்டி எப்ப ஆகும்?" என்று கேட்டார்.

மறுநாள் காலை சாரலிலேயே வண்டி கட்டி அக்காவை அச்சன்புதூருக்குக் கூட்டிப்போனார். பாலம் வரைக்கும் கூடவே நடந்தேன். "சேலை நனையுதுட்டி, திரும்பிப் போ" என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து அச்சுப்பெட்டியின் முன்னால் உட்கார்ந்தேன். நான் செய்ய மறுத்தால் அவர் என்னிடம் ஒன்றும் கேட்க மாட்டார். அந்த வீட்டில் அக்காவைத்தான் குத்திக் கேட்பார்கள். எழுந்து எண்ணெயை அளந்து ஊற்றினேன்.